குடுவும் ஈலண்டும்

“குடுவை எங்கை கண்டாலும் எனக்குத் தெரியும்,” என்றார், மிருகக்காட்சிசாலைக்குப் போகும் பஸ்ஸில் என் முன்னால் இருந்தவர். ஐந்தாம் வகுப்போடு வெளிநாடு வந்து மூன்று கடை போட்டவன் நான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

“மெல்லக் கதையுங்கோ, எங்கடை ஆக்களுக்குக் குடு எண்டால் போதைத்தூள், அதை விக்கிற ஆளெண்டு நினைக்கப்போகினம்,” என்றார் பக்கத்திலிருந்த அவர் மனைவி. மனைவியின் கையில் குடு, ஈலண்ட் என்று ஆபிரிக்க மான்களின் படங்கள். கணவருக்கு அங்கே வழிகாட்டி வேலைக்குச் சோதனையாம்.

“சரி, இது?”

“குடு.”

“ஐயோ, ஈலண்ட். கழுத்திலை தோல் தொங்குது, பாருங்கோ.”

“ரெண்டுக்கும் முறுக்குக் கொம்புதானே. எங்களுக்கு எல்லாம் மான்தானப்பா.”

“அப்பிடிச் சொல்லித்தானே ரெண்டுதரம் பெயில். இதுதான் கடைசியாம். இந்த முதுகோடை திரும்பவும் பிறம்ரன் களஞ்சியத்திலை பெட்டி தூக்கேலுமே?”

பஸ் நின்றது. மனைவி எழுந்தார், அவர் எழவில்லை.

“நீ போய்ச் சொல்லு, எனக்குச் சுகமில்லையெண்டு.”