கடல் ஆறவில்லை

வடலூரில் நான் ஏறியபோது நெய்வேலி பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி. முன்னிருக்கையில் ஒரு தாயும் மகளும். மகள் சென்னையில் கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"கடல் ஆறிக்கினு வருதுன்னு ஆராய்ச்சில எழுதிட்டேம்மா. அது தப்பு."

"ஆறிப்போவ கடல் என்ன சோறா?"

மகள் சிரிக்கவில்லை. "கப்பல்லேர்ந்து கருவிய தண்ணில எறக்கி, எந்த ஆழத்துல எவ்ளோ சூடுன்னு எடுப்பாங்க. அத நம்பி ஆறுதுன்னு எழுதினேன். கம்ப்யூட்டர் கணக்கு சூடாவுதுன்னுதான் சொல்லிச்சு, நான் கேக்கல. இப்ப பாத்தா, சில கருவி ஆழத்தையே தப்பா காட்டியிருக்கு. அதத் திருத்தினா கடல் சூடாதான் ஆவுது."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. உங்கிட்டதான் சொல்றேன்."

"சொன்னா என்னாவும்?"

"படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் ஆவும்."

"படிப்பு முடிஞ்சதும் தையில கல்யாணம்னு பேசியாச்சு. மாப்பிள்ளை வூட்ல அதுவரைக்கும் காத்திருப்பாங்களா?"

"தெரியலம்மா." மகள் பையிலிருந்து ஸ்டாம்பு ஒட்டிய தடித்த கவர் ஒன்றை எடுத்தாள். "எங்க கைடு சாருக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன். மூணு நாளா போஸ்ட் பண்ண மனசு வரல."

பஸ் நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் நுழைந்தது. அம்மா கவரை வாங்கி, கையில் வைத்து எடை பார்த்தார்.

"இவ்ளோ கனத்துக்கு இந்த ஸ்டாம்பு பத்தாது," என்று எழுந்தார். "கண்டக்டர், போஸ்ட் ஆபீஸ்கிட்ட நிறுத்துங்க. ரெண்டு பேரு எறங்கணும்."