நாற்பத்தொரு அழைப்புகள்

நேரம் குறித்து வைப்பது நல்ல பழக்கம், மார்சி. உன் அப்பாவுக்கும் அது உண்டு, எனக்கும் உண்டு. என் மாதிரிப் பொழுதுபோக்குக்காக ரேடியோவில் உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோக்காரன், செய்தி அனுப்பும் மோர்ஸ் சாவியைத் தட்டினால் நாள், நிமிடம், பதில் வந்ததா இல்லையா என்று நோட்டில் எழுதி வைப்பான். நாற்பது வருடமாக நான் ஒரு நாளும் தவறியதில்லை. நேற்று நீ என் நோட்டைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். மறைக்க நினைப்பவன் கொடுப்பானா? நடந்ததை எழுதித் தரச் சொன்னாய், எழுதுகிறேன்.

போன மார்ச்சில் உன் அப்பா லோவெல் என் பக்கத்து வீட்டில், தன் கராஜில், உலோகம் வெட்டும் அந்த மில்லிங் மெஷினை நிறுவினார். பழைய மெஷினுக்கு மோட்டார்கள் மாட்டி, கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும்படி அவரே செய்தது. முப்பத்தைந்து வருடம் தொழிற்சாலை டூல் ரூமில் வேலை பார்த்த கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. கை ஆடினால் என்ன, கம்ப்யூட்டர் ஆடாது என்பார். அக்டோபரில் உன் கல்யாணத்துக்குப் பித்தளையில் ஒரு கடிகாரம், ஒவ்வொரு சக்கரமும் தானே வெட்டியது, இதுதான் திட்டம். அவருடைய அப்பா எழுபது வயதானபோது, தான் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவர். லோவெலுக்கு அந்த வருடம் எழுபது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "கடிகாரம் ஓடிச்சுன்னா என் மண்டையும் ஓடுதுன்னு அர்த்தம், வெர்லின்."

அந்த மெஷினின் மோட்டார் ஓடினால் என் ரேடியோவில் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்காது. பதினோரு வருடமாக தினமும் காலையில் டாஸ்மேனியாவிலிருந்து கிளைவ் என்பவரோடு பேசி வந்தேன். மார்ச்சோடு அது நின்றது. இதற்கு வைத்தியம் சுலபம். மெஷின் கம்பிகளின் மேல் இரைச்சலை அடக்கும் கறுப்பு ஃபெரைட் வளையங்களைக் கவ்வ விட்டால் போதும், பத்து நிமிட வேலை. என் மேசை டிராயரில் முப்பது வளையங்கள் சும்மா கிடந்தன. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவா என்று அவரல்லவா வந்து கேட்க வேண்டும்? கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. என் காதில் என்ன விழுகிறதென்று அவருக்குத் தெரிய வழியில்லை என்பதும் உண்மைதான்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை, எரிச்சலில் அந்த இரைச்சலுக்குள்ளேயே சாவியைத் தட்டினேன். இரைச்சல் சட்டென்று நின்றது. வேலிக்கு அப்பால் உன் அப்பா யாரையோ திட்டுவது கேட்டது. என் ரேடியோ அலை அவருடைய மெஷின் கம்பிகளில் ஏறியிருக்கிறது. வெட்டும் மேடை ஓரத்தில் முட்டிவிட்டதாக நினைத்து மெஷின் தானே நின்றுவிட்டது. முதல் தடவை தற்செயல். இரண்டாவது தடவை, சந்தேகம் தீர. அதற்குப் பிறகு தட்டியபோதெல்லாம் எனக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

பாதியில் நின்றால் வெட்டுளி பித்தளையில் பள்ளம் போட்டுவிடும், அந்தச் சக்கரம் வீண். லோவெல் கேபிளை மாற்றினார், சுவிட்சுகளை மாற்றினார், கடைசியில் கம்ப்யூட்டரையே மாற்றினார். ஒவ்வொரு தடவையும் தன் நீல நோட்டில் நிமிடத்தையும் சக்கரத்தின் எத்தனையாவது பல்லில் நின்றது என்பதையும் எழுதினார். சனிக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுவார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பைத் தின்பேன். மெஷின் சமர்த்துப் பிள்ளை மாதிரி ஓடும். என் கையில் காபிக் கோப்பை இருக்கும்போது, என் வீட்டில் இருக்கும் மோர்ஸ் சாவியைத் தட்ட எனக்கு மூன்றாவது கை இல்லையே.

கணக்கை அவரேதான் போட்டார், நான் போட்டுக் கொடுக்கவில்லை.

"நீ இருந்தா ஒழுங்கா ஓடுதுப்பா. நான் தனியா இருந்தாத்தான் நிக்குது," என்றார் ஒரு சனிக்கிழமை.

"அப்படின்னா மெஷின்ல கோளாறு இல்ல, லோவெல்," என்றேன்.

அதில் பொய் ஏதும் இல்லை. அவர் தன் கைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம், முந்தின நாள் கழற்றிய கம்பியைத் திரும்ப மாட்டினாரா என்று கேட்டு வைத்தேன். மாட்டியிருந்தார், நானே பார்த்தேன். அவருக்குத்தான் நிச்சயமில்லை. நேற்று நீ காட்டிய அவர் நோட்டில், ஜூலையில் "நான் எதைத் தொட்டேன்?" என்று ஒரு வரி வருகிறது. ஆகஸ்டில் இரண்டு பக்கம் முழுக்க அந்த ஒரே வரி.

செப்டம்பரில் கார் சாவியை என் கையில் கொடுத்து, இனி ஓட்ட மாட்டேன் என்றார். முதியோர் இல்லம் பார்க்கச் சொல்லி உனக்கு அவரே போன் செய்தார். ஞாபக மறதியைச் சோதிக்க டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கடிகார முகம் வரையச் சொன்னாராம். சரியாக வரைந்துவிட்டு, சரியாக இருக்காது என்று அவரே அழித்துவிட்டதாக நீதான் அழுதுகொண்டு சொன்னாய். நான் உன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். உன் கல்யாணத்துக்கு அவர் வெறுங்கையோடு வந்தார். கடிகாரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதுவரை நல்லது.

மெஷினை வாங்கிப் போனவர், மூன்று மாதமாக அது ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று உன்னிடம் சொல்லாமல் இருந்திருந்தால் நீ அந்த நீல நோட்டைப் பிரித்து என் நோட்டோடு ஒப்பிட்டிருக்க மாட்டாய். போகட்டும். இப்போது நான் வந்து அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் முதியோர் இல்லத்தில் அவரைப் பார்க்கப் போவது உனக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்தன்தான் பொறுமையா என்கூட உக்காந்தே," என்பார். சொன்னால் அவருக்கு அந்த ஒரு நண்பனும் இல்லாமல் போய்விடும். அவ்வளவு கல்நெஞ்சம் எனக்கில்லை, மார்சி.

நேற்று கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டாய். "மெஷின் ஓடுறப்ப உங்களுக்கு ஒண்ணுமே கேக்காதுன்னீங்க. அப்ப அந்த நேரத்துல யாரைக் கூப்பிட்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். கிளைவை இல்லை. இரைச்சல் போய் மாதக்கணக்காகிறது. அவர் காலைதோறும் என்னைக் கூப்பிடுவது தெளிவாகக் கேட்கிறது, பதில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான் கூப்பிட்டது உன் அப்பாவை. நாற்பத்தொரு தடவை. என் நோட்டில் பதிலுக்கான கட்டம் நாற்பத்தொன்றும் காலியாக இருப்பதைச் சுட்டிக்காட்டினாய். ஆனால் அவர் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லியிருக்கிறார், அதே நிமிடத்தில், தன் நோட்டில்.

அந்த நீல நோட்டை ஒரு வாரம் கொடுத்து வைத்தால், பார்த்து என் நோட்டில் அந்தக் கட்டங்களை நிரப்பிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவேன். பதிவு அரைகுறையாக இருப்பது எனக்குப் பிடிக்காது.