பச்சைத் தூளும் பர்தாப் பின்னும்

— ஃபோன இஞ்ச தா நதீரா. ஒலுவில்ல பஸ் ஏறக்க வந்த மின்னஞ்சல இன்னும் பொத்திக்கொண்டு இரிக்காய். நிந்தவூரும் வரப்போகுது.

— பொறு றொஷானா, பொறு. திறந்தா எல்லாம் முடிஞ்சிரும்.

— என்ன முடியும்? நீ ஆய்வுகூடத்துல செஞ்ச தூள் காந்தமாகின சந்தோசத்துக்கு எங்கட ஆராய்ச்சி மேடம் வட்டிலப்பம் கொணந்து தந்தவ. நாளைக்கு அவவுக்கு முன்னால அதப் பத்திக் கதைக்கப் போறாய். முகத்தப் பாத்தா செத்த வீட்டுக்குப் போற ஆள் மாதிரி.

— அந்த வட்டிலப்பம் எனக்கு ஹலால் இல்ல.

— என்னகா சொல்றாய்?

— அந்தத் தூள உலையில இருந்து எடுத்த அண்டைக்கு பிளாஸ்டிக் கரண்டி உடஞ்சி போச்சு. தூள் பீங்கான் கிண்ணத்துல இறுகிக் கிடந்திச்சு. நீ சாப்பிடப் போயிட்டாய். நான்... பர்தாவுல குத்தியிருந்த பின்னக் கழட்டிச் சுரண்டிட்டன்.

— பின்னக் கொண்டா சுரண்டினாய்? ‘இரும்புச் சாமான் படக்கூடாது’ எண்டு ஆய்வுகூடக் கதவுல எழுதி ஒட்டினதே நீதானே புள்ள!

— சிரிக்காத. மறுகா ஒருநாள் வீட்ட பர்தாவக் கழட்டக்க பின் கைதவறி ஹேண்ட்பேக்ல விழுந்திச்சு. பேக் மூடுற காந்தத்துல போய் ஒட்டிட்டு. அண்டையில இருந்து எனக்குச் சோறு இறங்கல்ல.

— அப்ப நாங்க கண்டது தூளுட காந்தமில்ல, பின்னுல இருந்து வந்த இரும்பெண்டு பயப்பிடுறாய்.

— ஓம். அப்பிடியெண்டா நாளைக்கு மேடத்துக்கிட்ட எல்லாம் பிழையெண்டு நானே செல்லோணும். அவ அத நம்பிக் கருத்தரங்குக்கும் எழுதி அனுப்பிட்டா.

— இத ஏன் எனக்கு ஒரு வார்த்த சொல்லல்ல?

— செல்லியிருந்தா ‘விடு புள்ள, ஒண்டும் ஆகாது’ எண்டிருப்பாய். எனக்கு அது காணாது. அதான் கொழும்புல ஒரு ஆய்வுகூடத்துக்கு மூணு பொட்டலம் அனுப்பி அளந்து தரச் செல்லிக் கேட்டன். அந்த முடிவுதான் இப்ப வந்திரிக்கி.

— மூணுலயும் என்ன?

— முதலாவது அதே பச்சைத் தூள், கோபாற்றுப் போட்ட துத்தநாக ஒட்சைட்டு. நல்ல காத்துல திரும்பச் சூடாக்கினது. ரெண்டாவது, அதுலயே கொஞ்சத்த, காத்த உறிஞ்சி எடுத்திட்டுச் சூடாக்கினது.

— விளங்குது. காத்துல சூடாக்கினா ஒட்சிசன் தூளுட பளிங்கு அடுக்குக்குள்ள போய் வெறுமையாக் கிடக்கிற இடத்த அடைக்கும். காத்தில்லாட்டி ஒட்சிசன் வெளிய வந்திரும், இடம் திரும்ப வெறுமையாகும்.

— அந்த வெறும் இடங்கள்தான் கோபாற்று அணுக்கள ஒரே பக்கம் பாக்க வைக்கிதெண்டு மேடம் நினைக்கிறா. அதுதான் காந்தமாம்.

— மூணாவது?

— கோபாற்றுப் போடாத வெறும் துத்தநாக ஒட்சைட்டு. அதப் பின்னக் கொண்டு சுரண்டினன். கொஞ்ச நஞ்சமில்ல, விசர் புடிச்சவள் மாதிரிச் சுரண்டினன்.

— தா ஃபோன. நான் வாசிக்கிறன். நீ கண்ண மூடிக்கொண்டு ஓது. ... முதலாவது, காந்தம் இல்ல.

— யா அல்லாஹ்.

— பொறுகா! ரெண்டாவதுல காந்தம் திரும்ப வந்திரிக்கு! ஒட்சிசன் உள்ள போனாப் போகுது, வெளிய வந்தா வருது. மேடம் சொன்னது சரி! இனி என்ன அழுகை?

— இரும்பும் அப்பிடிச் செய்யும் றொஷானா. காத்துல சூடாகினாக் கறள் புடிச்சுக் காந்தம் குறையும். காத்தில்லாமச் சூடாக்கினா அந்தக் கறள் மாறித் திரும்பவும் காந்தமாகலாம். மூணாவதுதான் என்ட தலவிதி. அதுல காந்தம் இரிந்தா பின்னுதான் குற்றவாளி.

— கடவுளே, சந்தேகத்துல உன்ன வெல்ல ஆளில்ல. ... அடுத்த பக்கம் வரல்ல, இன்டர்நெற் சுத்துது. ... இந்தா வந்திட்டு.

— செல்லு!

— ‘காந்தத்தன்மை எதுவும் காணப்படவில்லை.’

— திரும்ப வாசி.

— ‘காந்தத்தன்மை எதுவும் காணப்படவில்லை.’

— இன்னொருக்கா.

— கொண்டக்டர் திரும்பித் திரும்பிப் பாக்கிறார் புள்ள. இல்ல! காந்தம் இல்ல! உன்ட பின் ஒரு பாவமும் செய்யல்ல!

— அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.

— இந்தா போத்தல். தண்ணி குடி.

— ஒண்டு யோசிச்சுப் பாரு. எங்கட பள்ளியில தொழுகை வரிசையில ஒரு ஆள் குறைஞ்சா உடன நெருங்கி நிண்டு அடைக்கச் செல்லுவாங்க. இந்தத் தூளுக்குள்ள அந்த இடைவெளிதான் மிச்சப் பேரையெல்லாம் ஒரே பக்கம் திருப்பியிருக்கி.

— எங்கட கோயில்ல இடைவெளி இரிந்தா அதுக்குள்ளால சின்னப்புள்ளையள் ஓடித் திரியும். காந்தமும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. ... ஏய், பின் எண்டதும்தான் ஞாபகம் வருது. நீலக்கல்லு வச்ச பின் ஒண்டு உன்டதா?

— ஓம். சாச்சி மக்காவுக்கு உம்றா போய் வரக்க கொணந்து தந்தவ. அதக் கொண்டுதான் அண்டைக்குக் கிண்ணத்தச் சுரண்டினன். மறுகா அதக் காணவே இல்ல.

— நான் சாப்பிட்டு வரக்க உலைக்குப் பக்கத்துல கிடந்திச்சு. உனக்குத் தரோணுமெண்டு பைக்குள்ள போட்டு அப்பிடியே மறந்திட்டன். இந்தா.

— அப்ப என்ட பேக்ல ஒட்டினது?

— அது வேற பின்தானே.

— கடையில அட்டையோட வாங்கின பின். எல்லாப் பின்னும் ஒண்டுதானெண்டு நினச்சிட்டன். மூணாவது பொட்டலத்தச் சுரண்டினதும் அந்த ஒட்டுற பின்னக் கொண்டுதான்.

— பேக்கக் கொண்டா, இதையும் காந்தத்துல வச்சுப் பாப்பம். ... பாத்தியா? ஒட்டல்ல. வழுக்கி விழுது. பித்தளைகா இது! தனிப் பித்தளை!

— பித்தளையா?

— ஐயோ புள்ள, மன்னிச்சுக்க. இத நான் அண்டைக்கே உன்ட கையில தந்திரிந்தா நீ ஒருநாளும் பயந்திரிக்க மாட்டாய்.

— ஓம். அந்த மூணு பொட்டலத்தையும் அனுப்பியிருக்கவும் மாட்டன். தூள் ஏன் காந்தமாகிச்செண்டு மேடம் நாளைக்குக் கேக்கக்க, செல்ல என்ட வாயில ஒண்டும் இரிந்திரிக்காது.