எட்டுக் கிளிஞ்சல்

— ஒத்தை ஆளுக்கு இனிமே எடம் இல்லைன்னு போர்டே வெச்சுப்போட்டாங்க சார். பின்னால நாலு பேரு சேந்து ஆடிட்டு வாராங்க. முன்னால ஒருத்தரு ஒத்தையா நின்னுட்டிருந்தா அவங்களுக்கு எடைஞ்சல்.

— ராமுலு, கண்ணாடியைத் தொடைச்சுப்போட்டுப் பாரு. எம் பக்கத்துல நிக்கிறது என்ன, தென்னை மரமா?

— அடடே, மன்னிக்கோணும். வணக்கமுங்கம்மா. நானும் கோயமுத்தூர்ப் பீளமேட்டுக்காரன்தானுங்க. இந்தக் கோல்ஃப் மைதானத்துல பேரு எழுத வந்து பத்து வருசமாச்சு.

— எழுது. அரங்கசாமி, கோயமுத்தூர். அதுக்குக் கீழ சுப்பாத்தாள், கோயமுத்தூர். ரெண்டு பேரு. சட்டம் நெறஞ்சுதா?

— அம்மா ஆடுவாங்களா சார்?

— ஆட மாட்டா. கூட நடப்பா. அடியை எண்ணுவா. கடைசியில எண்ணிக்கைச் சீட்டுல சாட்சிக் கையெழுத்துப் போடுவா.

— அது போதுமுங்க. இந்த வருசமாச்சும் ஒரு தொணை வந்துச்சே. போன வருசம் அந்தக் கடைசிக் கொடிகிட்ட உங்களைப் பாத்தப்ப எனக்கே மனசு...

— பையைத் தள்ளுவண்டியில வெச்சுக் குடு. நீ வர வேண்டாம், நானே தள்ளிக்கிறேன்.

— ஏனுங்க, அந்தத் தம்பி என்னமோ சொல்ல வந்துச்சு. பாதியில வெட்டிப்போட்டீங்க.

— அவனுக்கு வாய் நீளம் அம்மணி. நீ வா. செருப்பைக் கையில எடுத்துக்க, இங்கெல்லாம் மணல்.

— முருகா! என்ன காத்துங்க இது! சீலையே பறந்துபோயிரும் போல. ஒரு மரம் கூடவா நட மாட்டாங்க?

— கடலோர மைதானம்னா இப்படித்தான். மரம் ஆகாது. புல்லு, மணல்மேடு, காத்து, இந்த மூணுதான். அடிச்ச பந்தைக் காத்து எங்க கொண்டுபோய் வைக்குதோ அங்கிருந்துதான் அடுத்த அடி.

— அப்ப, அந்தா தெரியறதுதான் கடலுங்களா?

— அதுதான்.

— கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துக்கு இன்னிக்குத்தானுங்க பாக்குறேன். ஆளே இல்லாத கோயில்ல ஓதுவாரு பாடிட்டிருப்பாரே, அப்படித்தான் இருக்குது. கேக்கறதுக்கு ஒருத்தருமில்லைன்னாலும் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடுது.

— கடலை அப்புறம் பாக்கலாம். ஆட்டத்தைக் கேட்டுக்க. அதோ கொடி. அதுக்கடியில குழி. கொறைச்ச அடியில பந்தைக் குழிக்குள்ள போட்டவன் ஜெயிச்சான்.

— கொறைஞ்சாத்தான் ஜெயிப்புங்களா? அப்பக் கொறைச்சுச் சொல்லோணும்னு ஆசை வருமுங்களே.

— அங்கதான் இந்த ஆட்டத்தோட பெருமை. நடுவர்னு யாரும் கெடையாது. அவனவன் அடியை அவனவனே சொல்லோணும். தெய்வத்துக்கு முன்னால நிக்கற மாதிரி.

— எனக்கு எண்ணிக்கை மறந்துபோயிருமுங்க. அடிக்கு ஒரு கிளிஞ்சலா மடியில போட்டுக்கறேன். ஒரு குழி முடிஞ்சதும் கொட்டிப்போடறேன்.

— என்னமோ பண்ணு. தள்ளி நில்லு.

— கரீம் அண்ணன் எங்க நிப்பாருங்க?

— எந்தக் கரீமு?

— என்னுங்க இப்படிக் கேக்கறீங்க? கோட்டைமேட்டுக் கரீம் அண்ணந்தான். வருசா வருசம் அவரும் ஐயாசாமி அண்ணனும் இங்க உங்ககூட வாராங்கன்னுதானே மூணு பொட்டணம் முறுக்குக் கட்டிக் குடுக்கறேன்.

— ஓ, கரீமா. அவன் இந்தப் பக்கம் நிப்பான். ஐயாசாமி அந்த மேட்டு மேல.

— இந்த வருசம் ஏனுங்க ரெண்டு பேரும் வரலை?

— கரீமுக்கு முழங்கால் வலி. ஐயாசாமி பேத்திக்குக் காதுகுத்து.

— மார்கழியிலீங்களா காதுகுத்து?

— காத்தடிக்குது அம்மணி, பேசாம வா.

— வாரனுங்க. போன வருசம் தைப்பூசத்தன்னிக்கு நீங்க இங்கிருந்து போன் பண்ணுனது நெனைப்பு வந்துச்சு. நான் சென்னிமலைக்குப் போகாம ஊட்டுல கெடந்தேன். நடு மத்தியானம். கரீம் அண்ணன் பக்கத்துல நின்னு முறுக்குத் தின்னுட்டிருக்காருன்னீங்க.

— ஆமாமா. எள்ளு முறுக்குன்னா விடமாட்டான். இந்த வயசுலயும் பல்லு இரும்பு அவனுக்கு.

— யாரு ஜெயிக்கறாங்கன்னு கேட்டேன். கரீம்தான்னீங்க.

— சொல்லியிருப்பேன். அவன் நல்லா ஆடுவான்.

— எத்தனை குழியாச்சுங்க? காலு ஓய்ஞ்சுபோச்சு.

— பதினேழு முடிஞ்சுது. இது பதினெட்டு, கடைசி. இதைப் போட்டுட்டா நல்ல எண்ணிக்கை அம்மணி. ஆறு வருசத்துல இப்படி ஆடுனதில்லை. நில்லு... ச்சே! மணல் குழியில விழுந்துபோச்சு.

— தலை மட்டுந்தானுங்க தெரியுது. கெணத்துக்குள்ள எறங்குன மாதிரி நிக்கறீங்க. ஏனுங்க, வெளிய வந்துச்சா?

— வந்துச்சு! கொடிகிட்டப் போயிருச்சு பாரு. இனி தட்டி உருட்ட வேண்டியதுதான். ஒண்ணு... ரெண்டு. முடிஞ்சுது. எழுது, ஆறு.

— எத்தனைங்க?

— ஆறு. பென்சிலைப் புடி, கையெழுத்துப் போடு.

— மடியில எட்டு இருக்குதுங்களே.

— கூடப் போட்டிருப்பே.

— இல்லீங்க. மணலுக்குள்ள மூணு தடவை வீசுனீங்க. மூணு தடவையும் மணல் பறந்துச்சு. நீங்க ஒண்ணைத்தான் சேத்திருக்கறீங்க.

— நீயும் கரீம் மாதிரியே ஆரம்பிச்சுட்டியா?

— கரீம் அண்ணன் என்னுங்க சொன்னாரு?

— ஒண்ணுஞ் சொல்லலை.

— சொல்லுங்க. காத்தைத் தவிர ஒருத்தருமில்லை இங்க.

— இதே குழி. இதே மணல். அன்னிக்கு அவன் எனக்குச் சாட்சி. அஞ்சுன்னு சொன்னேன். ‘அரங்கா, ஆறு, நான் பாத்தேன்’னான். ‘என்னையத் திருடன்னு சொல்றியா?’ன்னேன். ‘பொய்க்குச் சாட்சி நிக்க மாட்டேன்’னு பென்சிலைக் கீழ போட்டான். ‘அப்ப எம் மூஞ்சியில முழிக்காதே’ன்னு சொல்லிப்போட்டேன். ஐயாசாமியும் அவன் பின்னாலயே போயிட்டான். ஆறு வருசமாச்சு.

— அந்த ஆறு வருசமும்?

— நாந்தான் வந்தேன். ஒத்தையா. வராம இருந்தா தோத்துட்டேன்னு ஆயிருமே. ராமுலு இரக்கப்பட்டு வுட்டுட்டிருந்தான். இப்பப் போர்டு வெச்சுப்போட்டாங்க.

— அதுக்குத்தான் என்னையக் கூட்டியாந்தீங்களா?

— ரெண்டு பேரு இருந்தாத்தானே உள்ள வுடறாங்க.

— கடல் காட்டறதுக்குன்னு நெனைச்சேன். செரி, வுடுங்க. முறுக்கெல்லாம் என்னுங்க ஆச்சு?

— ஒரு பொட்டணம் ராமுலுவுக்கு. மிச்சம் காக்காய்க்குப் போட்டேன். கரீமுதை மட்டும் நானே தின்னேன்.

— எத்தனைங்க?

— முறுக்கா?

— அடி.

— எட்டு. எட்டுத்தான் அம்மணி. எட்டுன்னே எழுது.

— இந்தாங்க, கையெழுத்து. சுப்பாத்தாள்னு எழுதிப்போட்டேன், செரியா?

— செரிதான். இந்தச் சீட்டை அவங்கிட்டக் கொண்டுபோய்க் காட்டோணும் போல இருக்குது. என்னன்னு போய் நிக்கறது? ஆறு வருசமா நீ எம் பக்கத்துல நின்னு ஆடறேன்னு பொண்டாட்டிகிட்டக் கதை சொல்லிட்டிருந்தேன்னா? சிரிப்பான்.

— சிரிக்க மாட்டாருங்க.

— உனக்கென்ன தெரியும்? இன்னிவரைக்கும் நம்பிட்டிருந்தவதானே நீ.

— போன வருசம் பூசம் எந்த மாசத்துல வந்துச்சுன்னு நெனைச்சுப் பாருங்க.

— தையில. வேற எதுல வரும்?

— கரீம் அண்ணனுக்கு அது ரம்ஜான் நோம்பு மாசமுங்க. பகல்ல எச்சில் முழுங்கக்கூட யோசிக்கற மனுசன் நடு மத்தியானம் முறுக்குக் கடிப்பாருங்களா? சினேகிதரோட நோம்பைக்கூட மறந்துபோட்டீங்க.

— அப்ப அன்னிக்கே உனக்குத் தெரிஞ்சுபோச்சா?

— நீங்க சொல்றதுக்கு முன்னாலயே தெரியுமுங்க. நீங்க ஊர்ல இல்லாத நாளாப் பாத்து வருசா வருசம் ஒருத்தரு நம்ம ஊட்டுக்கு வருவாரு. சோபா நுனியில உக்காந்து, ‘அரங்கனுக்குச் சக்கரை எப்படி இருக்குது தங்கச்சி, மாத்தரை ஒழுங்காப் போடறானா’ன்னு கேட்டுப்போட்டுப் போயிருவாரு. பூசத்தன்னிக்கும் வந்திருந்தாரு. அந்நேரத்துக்குத்தான் உங்க போன் வந்துச்சு.

— கரீமா? நான் பேசறப்பவா? யாரு ஜெயிக்கறாங்கன்னு நீ கேட்டியே, அப்பவா?

— அப்படிக் கேக்கச் சொன்னதே அவருதானுங்க. கேட்டது மட்டுந்தான் நானு. நீங்க ‘கரீம்தான்’னு சொன்னப்ப ரிசீவரு கரீம் அண்ணன் காதுல இருந்துச்சு.