நாலுமுள் ஊத்து

தேரின்னு சொல்லுத செம்மணல் மேடு ஊருக்குத் தள்ளிக் கெடந்த காலத்துல, கானாவிளைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருக் கடைசி வீட்டுல தவசிக்கண்ணுன்னு ஒருத்தரு. ஆடு மேய்க்கிற மனுசன். நடுவயசுலயே கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சாம்.

பொண்டாட்டி உச்சிமாளி. பிள்ள குட்டி கெடையாது. அவளுக்கு ஒரே கவலைதான். "நான் போயிட்டா, தேரிக்குள்ள இருக்க ஊத்துக்கு இந்த மனுசன் எப்படிப் போவாவ? மணல்ல தடம் நிக்காதே!"

என்ன செஞ்சா? வாசல்லேர்ந்து ஊத்து வரைக்கும் வேலியா முள்ளுச்செடி நட்டு வளத்தாளாம். அவரு கையப் புடிச்சு ஒவ்வொரு செடியா வச்சுக் காட்டுனாளாம்.

"இங்க பாருங்க. கணுவுக்கு நாலு முள்ளு இருந்தா சங்கஞ்செடி. அதான் வழி, நடந்துகிட்டே இருங்க. முள்ளே இல்லன்னா ஆவாரை. அங்க தண்ணி. ரெண்டு முள்ளு, ஒண்ணு நேரா, ஒண்ணு வளஞ்சு இருந்தா இலந்தை. அது நம்ம வாசல். வேலிய விட்டுட்டு உள்ள வந்துருங்க."

"ஏட்டி, முள்ளுலயா குடும்பம் நடத்தச் சொல்லுத?"ன்னு அவரு சிரிச்சாராம்.

ஒருநா உச்சிமாளி போய்ச் சேந்தா. தவசிக்கண்ணு தனியாத் தண்ணிக்குப் போவாரு, தனியா வருவாரு. இலந்தையத் தொட்டதும், "உச்சிமாளி, வந்துட்டேன்ட்டி"ம்பாராம். பதில் சொல்ல ஆரு இருக்கா? ஆனாலும் கூப்புடுவாராம். வேற ஆரக் கூப்புட?

ஒரு ஆடிக்காத்து வேலிய நடுவுல பிச்சுப் போட்டுச்சாம். காலையில அவரு கம்ப ஊனித் தடவித் தடவி அந்த எடத்தத் தாண்டிப் போனத ஊராளுக பாத்தாவ. "பாவம், நாம அடைச்சுக் குடுப்போம்"ன்னாவ. கைக்குக் கெடச்ச இலந்தைக் கொப்ப வெட்டிச் சொருவிட்டுப் போயிட்டாவ. முள்ளுன்னா எல்லாம் முள்ளுதானேன்னு நெனப்பு. அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லல.

சாயங்காலம் குடத்தோட திரும்புதாரு. நாலு முள்ளு. நாலு முள்ளு. நாலு முள்ளு. ரெண்டு! இம்புட்டு சீக்கிரமா வீடு வந்துருச்சுன்னு காலு சந்தேகப்பட்டுச்சாம். ஆனா உச்சிமாளி சொல்லிக் குடுத்தது கைக்குத்தானே? கை சொன்னத நம்பி வேலிய விட்டுட்டாரு. வீட்டுக்குள்ள போறதா நெனச்சு, நடுத்தேரிக்குள்ள போயிட்டாரு.

மறுநா தேடிப் போனா, குடத்த மடியில வச்சு உக்காந்தாப்புல இருந்தாராம். இடுப்பு வரைக்கும் மணலு. உசுரு இல்ல.

கூட்டத்துல ஒருத்தன் தலையில அடிச்சுக்கிட்டானாம். "எனக்குச் சத்தம் கேட்டுச்சே! 'உச்சிமாளி, வாசலக் காணலியேட்டி'ன்னு கேட்டுச்சே! எப்பவும் கூப்புடுததுதானேன்னு இருந்துட்டேனே!"

அதுலேர்ந்துதான் அந்த ஊத்துக்கு நாலுமுள் ஊத்துன்னு பேராம். இன்னைக்கும் அந்த வேலிய அடைக்கப் போறவன், கண்ண மூடி முள்ளத் தொட்டு எண்ணிப் பாத்துட்டுத்தான் வப்பான்.

கானாவிளைக்காரங்ககிட்ட இன்னொரு பழக்கமும் உண்டு. பொழுதுசாய தேரிப்பக்கம் ஆரு சத்தம் குடுத்தாலும், ஆரக் கூப்புட்டாலும், கேட்டவுக "இங்கன இருக்கோம்"னு பதில் சொல்லிருவாவ.