பழைய இடத்தைக் குறை சொல்லாதே

— ஏண்டி பொன்னி, அந்தம்மாகிட்ட போயி அப்படிச் சொன்னே?

— வாங்க மேடம். இன்னா, இந்த வெயில்ல உப்பளம் வரைக்கும்? செருப்பைக் கழட்டிட்டு வரப்பு மேல ஏறுங்க. பாத்தியில மண்ணு வுழுந்தா மேஸ்திரி என்னத்தான் திட்டுவாரு.

— மேடம் கீடம்னே, அறைஞ்சிருவேன். கேட்டதுக்கு நேராச் சொல்லு. விழுப்புரம் லேபர் ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா ஜீப்புல வந்து உன்னைப் பாத்தாங்களா, இல்லையா?

— பாத்தாங்க.

— நீ வேலை பாத்த நூல் மில்லு எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்களா?

— கேட்டாங்க.

— நீ இன்னா சொன்னே?

— நல்ல இடம்னு சொன்னேன். நெறைய கத்துக்கிட்டேன், சூப்பர்வைசருங்க நல்லபடியா நடத்துனாங்க, வீட்டுல சூழ்நிலை சரியில்ல, அதனால வந்துட்டேன், வாய்ப்பு கெடைச்சா மறுபடியும் போவேன்னு சொன்னேன்.

— பைத்தியமாடி உனக்கு?

— இருக்கா, இந்த நடை உப்பை அம்பாரத்துல கொட்டிட்டு வந்துடறேன். கூடை தலையில இருக்கசொல்ல திட்டுனா கழுத்துதான் வலிக்கும்.

— கொட்டிட்டியா? இப்ப சொல்லு. நல்லபடியா நடத்துனாங்களா? ஹாஸ்டல் வார்டன் கேட்டைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகினு படுப்பான்னு என் மடியில வுழுந்து அழுதது யாரு?

— நான்தான்.

— தாத்தா செத்துட்டார்னு பொய் சொன்னாத்தான் ஊருக்கு விடுவாங்கன்னு வந்தவ யாரு?

— அதுவும் நான்தான். பாவம் எங்க தாத்தா, அதுக்கு மின்னாடியே ஒரு தடவை செத்திருந்தாரு.

— சிரிக்காதே. சகாயசெல்வி இன்னும் அங்கதாண்டி இருக்கா. மிஷின்ல விரல் மாட்டி, ஆஸ்பத்திரிக்குக்கூட கூட்டிட்டுப் போகாம, சும்மா துணியைச் சுத்தி ரூம்ல உக்கார வச்சிருக்கானுங்க. அனுமந்தையிலேருந்து அவங்க அம்மா லூர்துமேரி பஸ் ஏறிப் போயி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தாங்க. அதுக்குத்தான் அந்த ஜீப்பு வந்துச்சு. அங்கேருந்து வெளிய வந்தவ நீ ஒருத்திதான். உன் வாயை நம்பி வந்தாங்க. நீ நல்ல இடம்னுட்டே. விசாரிச்சாச்சு, குறை ஒண்ணும் இல்லேன்னு மனுவை மூடிட்டாங்க.

— மூடிட்டாங்களா?

— பின்னே? அங்க இருந்தவளே நல்லாயிருக்குதுன்னு சொன்னப்புறம் எதுக்குத் தொறந்து வைப்பாங்க?

— எனக்கு அது விசாரணைன்னு தெரியலக்கா.

— தெரியலியா? ஜீப்பு வந்து நின்னா பின்னே இன்னான்னு நெனச்சே?

— இன்டர்வியூன்னு நெனச்சிட்டேன்.

— இன்னாது?

— ஆமாக்கா. கண்ணாடி போட்டிருந்தாங்க. கையில ஃபைலு. 'உக்காரும்மா, உன்னைப் பத்திச் சொல்லு'ன்னாங்க. உன் டிரெய்னிங் கிளாசுல அப்படித்தானே ஆரம்பிக்கும்? அப்பறம், 'வேலை பாத்த இடத்தை ஏன் விட்டுட்டே'ன்னாங்க. பதிலு தானா வாயில வந்துடுச்சு. நீதானே போர்டுல எழுதிப் போட்டு எங்களைப் பாட்டு மாதிரி சொல்ல வச்சே. பழைய கம்பெனியைக் குறை சொல்றவளை எந்தக் கம்பெனியும் எடுக்காதுன்னு.

— ஐயோ.

— கண்ணைப் பாத்துப் பேசுன்னே. பாத்துப் பேசினேன். கையைப் பிசையாதேன்னே. மடியில வச்சிக்கிட்டேன். கடைசியா நன்றி சொல்லுன்னே. அதையும் சொன்னேன். நீ பாத்திருந்தா எனக்கு ஃபுல் மார்க் போட்டிருப்பே.

— வாயை மூடு.

— சரி. மேஸ்திரி பாக்கறாரு, இன்னொரு நடை போட்டுட்டு வர்றேன்.

— குடு அந்தச் சும்மாட்டை. நீ உக்காந்து தண்ணி குடி, நான் போடறேன்.

— வேணாக்கா. நல்ல பொடவையா கட்டினு வந்திருக்கே. கூடையிலேருந்து உப்புத் தண்ணி முதுகெல்லாம் வழியும்.

— வழியட்டும். காலேஜ் லீவு விட்டா இதே உப்பளத்துல எங்கம்மா பின்னாடி கூடை தூக்கினவதான் நான். மேலேருந்து குதிச்சு வந்தவளா? தூக்கி வுடு.

— பாத்து. வரப்பு வழுக்கும். அங்க அம்பாரத்து அடியில கொட்டாதே, மேல ஏறிக் கொட்டணும்.

— தெரியும்டி.

— கொட்டிட்டியா? எரியுதாக்கா காலு?

— எரியுது.

— உப்பு உள்ள அறுத்திருக்கும். ஆபீசுக்குப் போயிப் போயி உன் காலு இதை மறந்துடுச்சு. இந்தா, இந்த நல்ல தண்ணியில கழுவு.

— குடிக்கற தண்ணியா அது?

— கழுவுக்கா. நான் ஒண்ணு கேக்கட்டா? லூர்துமேரியம்மா மனு குடுக்கப் போனப்ப நீயும் கூடப் போனே இல்ல?

— போனேன்.

— உள்ளயுமா?

— விழுப்புரம் வரைக்கும் போனேன்.

— கலெக்டர் ஆபீசுக்குள்ள போனியான்னு கேட்டேன்.

— எதிர்க்க டீக்கடை இருக்குது. அங்க நின்னேன்.

— நீ இங்கிலீசெல்லாம் பேசுவியே. அந்தம்மாவுக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. அவங்களை உள்ள அனுப்பிட்டு நீ டீ குடிச்சினு இருந்தியா?

— குடிக்கல. வாங்கி வச்சு, ஆறிப்போயி, கீழ ஊத்தினேன். இன்னாடி, என்னையே விசாரிக்கறியா?

— சும்மா கேட்டேன்.

— சும்மா கேக்கல நீ. சரி, கேளு, சொல்றேன். உள்ள போனா பொண்ணை மில்லுக்கு யாரு அனுப்பினதுன்னு கேப்பாங்க. நான்தான்னு சொல்லணும். எங்க தொண்டு நிறுவனத்தோட இந்த டிரெய்னிங் ப்ராஜெக்ட் இந்த மாசத்தோட முடியுது. புதுசா கடலூர்ல ஒண்ணு ஆரம்பிக்கறாங்க, அதுக்கு என் பேரைத்தான் எழுதி அனுப்பியிருக்காங்க. இந்த நேரத்துல என் பேரு ஒரு மனுவுல வந்தா? அதான் பயந்துட்டேன். லூர்துமேரியம்மா வெளிய வந்து என் கையைப் புடிச்சினு, நீ கூட வந்ததே போதும் தாயின்னாங்க. அந்தக் கையை நான் எங்க வச்சிக்கறது சொல்லு.

— அவங்ககிட்ட உன் பேரைச் சொல்லாதீங்கன்னு சொன்னியா?

— சொல்லல. சொல்லுங்கன்னும் சொல்லல.

— ம்.

— ம்முன்னா?

— ஒண்ணுமில்ல. உனக்கு அந்த டிரெய்னிங் வேலை ரொம்பப் புடிச்சிருந்துச்சு இல்லக்கா? கிளாசுல உன் மூஞ்சே வேற மாதிரி இருக்கும்.

— புடிச்சிருந்துச்சு. அதான் உள்ள அறுக்குது. நம்ம தெருவுல புடிச்ச வேலைன்னு ஒண்ணு எவளுக்காச்சும் இருந்திருக்கா? எங்கம்மாவுக்கா, உங்கம்மாவுக்கா? எனக்கு இருந்துச்சு. சாக்பீசு புடிச்சு நிக்கறப்ப நான் பொறந்ததே இதுக்குத்தான்னு தோணும். மில்லு வண்டி வந்து நிக்கும். உங்களை எல்லாம் ஏத்தி வுட்டு, கையாட்டிட்டு, வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்குவேன். வண்டி போயி நிக்கற இடத்தை நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல.

— ஒரு தடவைகூடவா?

— போட்டோ காட்டுனாங்க. கட்டிலு, ஃபேனு, டிவி.

— டிவி இருந்துச்சுக்கா. கரெண்டுதான் அந்த ரூமுக்கு வராது.

— சொல்லு, இன்னும் சொல்லு. எனக்கு நல்லா வேணும்.

— உன்னைக் குத்தணும்னு சொல்லல. சரி, உனக்கு இந்த வேலை எடுக்கறப்ப இன்டர்வியூல இன்னா கேட்டாங்க? எந்த பதில் சொல்லி ஜெயிச்சே?

— எனக்கு யாருடி இன்டர்வியூ வச்சது?

— இன்னாக்கா சொல்றே?

— சுனாமி வந்துச்சு. கடக்கரையோரம் வண்டி வண்டியா ஆளுங்க வந்தாங்க. இந்தப் பக்கத்துல டிகிரி முடிச்ச பொண்ணு யாராச்சும் இருக்காளான்னு தேடினாங்க. நான் ஒருத்திதான் இருந்தேன். நாளைக்கே வந்துடுன்னாங்க. அவ்ளோதான். அத்தினி பேரு செத்தாங்க, எனக்கு வேலை கெடைச்சுது.

— அப்போ எங்களுக்கு அத்தினி நாளு சொல்லிக் குடுத்தது?

— ஒரு புத்தகம் குடுத்தாங்க. இங்கிலீசுல இருந்துச்சு. ராத்திரி உக்காந்து தமிழ்ல எழுதினு வந்து பகல்ல உங்களுக்குச் சொன்னேன். அதை எழுதினவனுக்கு உப்பளமும் தெரியாது, பூட்டின கேட்டும் தெரியாது. அவன் ஊர்ல புடிக்கலேன்னா பொட்டியைத் தூக்கினு கெளம்பிடுவான் போலிருக்குது. அவனுக்குச் சரி, பழைய இடத்தைக் குறை சொல்லாம இருக்கலாம்.

— இப்ப ஒருத்தி வந்து, வேலைக்குப் போறேன், புத்தி சொல்லுன்னா இன்னா சொல்லுவே?

— எனக்கு எவளுக்கும் சொல்ல யோக்கியதை இல்ல.

— அது வேற. வந்து நிக்கறாளே, அவளுக்கு ஏதாச்சும் சொல்லித்தானே ஆவணும்?

— கம்பெனியே வண்டி வச்சு வீடு தேடி வந்தா ஏறாதேன்னு சொல்லுவேன். ஆளைத் தேடி அலையறான்னா, உள்ள போனவங்க நிக்கலேன்னு அர்த்தம். ஒரிஜினல் மார்க் ஷீட்டை எவன் கேட்டாலும் குடுக்காதேம்பேன். பாத்துட்டுத் திருப்பிக் குடுக்கட்டும், அவன் கையில ஜெராக்ஸ் போதும்.

— என்னுது இன்னும் அங்கதான் இருக்குது.

— தெரியும். அதையும் வாங்கணும். அப்பறம், அந்த இடத்துலேருந்து வந்துட்டவளைத் தேடிப் புடின்னு சொல்லுவேன். சேந்தவ நூறு சொல்லுவா, வந்துட்டவகிட்டதான் வெவரம் இருக்கும். இன்டர்வியூல அவன் மட்டுமே கேக்கணுமா? நீயும் கேளு. ஞாயித்துக்கெழமை கேட்டு தொறந்திருக்குமா, எங்கம்மா வந்தா உள்ள வுடுவியா, ஒடம்புக்கு முடியலேன்னா எந்த ஆஸ்பத்திரின்னு கேளு.

— அப்படிக் கேட்டா வேலை குடுப்பானா?

— குடுக்க மாட்டான். அதுக்குத்தான் கேக்கணும். இதைக் கேட்டதுக்கே மூஞ்சியைச் சுளிக்கறவன்கிட்ட போயி எப்படி இருப்பே?

— இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்லக்கா.

— தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு? அதுவும் முழுசா உண்மை இல்ல. தெரிஞ்சிக்கணும்னு நான் நெனைக்கல. எத்தினி பேரை அனுப்பினேன்னு எழுதி அனுப்பினா ஹெட் ஆபீஸ்லேருந்து பாராட்டி ஃபோன் வரும். ஃபோன் வந்தா எங்கப்பா தெருவெல்லாம் சொல்லினு போவாரு.

— எங்கம்மாவும்தான் சொல்லும். இலக்கியாவைப் பாரு, நம்ம தெருப் பொண்ணு, நாற்காலியில உக்காந்து வேலை செய்யறான்னு. நீ ரோட்டுல போறப்ப சின்னப்பசங்களைக் கூப்புட்டு காட்டும்.

— வேணாம்டி. எழுந்திரு.

— எங்க?

— விழுப்புரத்துக்கு. சாயங்காலத்துக்குள்ள போயிடலாம். நீ நடந்ததை நடந்தபடி சொல்லு. சாவியை, விரலை, மார்க் ஷீட்டை, எல்லாத்தையும். அன்னிக்கு இன்டர்வியூன்னு நெனச்சு மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லு. மனுவைத் திருப்பி எடுக்க வைக்கணும். சகாயசெல்வி அந்த ரூம்ல உக்காந்திருக்கறப்ப எனக்குச் சோறு எறங்கல.

— நீ டீக்கடையில நிப்பியா?

— உன் பக்கத்துல நிப்பேன்.

— யாரு அனுப்பினதுன்னு கேப்பாங்க.

— நான்தான்னு சொல்லுவேன். நீ கேக்காமலே சொல்லுவேன்.

— கடலூர் வேலை போயிடும்.

— போவட்டும்.

— கேசு போடுவாங்கக்கா. வெளையாட்டு இல்ல.

— போடட்டும்டி. எனக்கும் ஒருத்தரு எதிர்ல உக்காந்து கேள்வி கேக்கட்டும், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு வா.

— சொல்லிட்டேன்னு வச்சிக்கோ. மொகத்தைக் கழுவிட்டு வர்றேன். அக்கா.

— இன்னா?

— அங்க போயி, இன்டர்வியூன்னு நெனச்சு உளறிட்டேன்னு நான் சொல்ல மாட்டேன்.

— ஏன்? அதானே நடந்துச்சு.

— இல்லக்கா. கோச்சிக்காதே. ஜீப்பைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும், விசாரணைன்னு. அந்தம்மா ஃபைலைத் தொறந்ததும் என்னைப் பத்தியோ மில்லைப் பத்தியோ கேக்கல, 'உங்களை மில்லு வண்டியில ஏத்தி அனுப்பினது இலக்கியாங்கற பொண்ணுதானே, அந்த இடம் மோசம்னா மொத கேசு அவ மேலதான் போடணும், இப்ப சொல்லும்மா, இடம் எப்படி'ன்னுதான் கேட்டாங்க.