எல்லாருக்கும் ஒரே சட்டி

மனைவி: கதவைத் தட்டாதீங்க... வரேன்.

கணவன்: எவ்வளவு நேரமா பாத்ரூமுக்குள்ளயே இருக்க? தாழ்ப்பாளையாவது எடுத்து விடு. மயங்கி விழுந்துட்டா நான் என்ன பண்றது?

மனைவி: விழ மாட்டேன். கீழதான் உக்காந்திருக்கேன். தரை சில்லுன்னு இருக்கு...

கணவன்: மறுபடியும் வாந்தியா?

மனைவி: அது முடிஞ்சுது. இப்ப வயித்துக்குள்ள யாரோ ஈரத்துணியைப் பிழியற மாதிரி... இருங்க... ம்ம்... ம்... போயிடுச்சு.

கணவன்: டாக்டரைக் கூப்பிடட்டுமா?

மனைவி: கூப்பிட்டு? மைதா உள்ள போயிடுச்சு, ஆட்டம் அடங்கற வரைக்கும் படுத்துக் கிடன்னு சொல்வாரு. அதை எனக்கு நானே சொல்லிக்கிறேன்.

கணவன்: இந்த நிலைமையிலயும் உனக்குக் கிண்டல்.

மனைவி: அழறதுக்குத் தெம்பு இல்லங்க.

கணவன்: மைதாதான்னு எப்படிச் சொல்ற? மீன் கெட்டுப் போயிருக்கலாம்ல? காலையில கடல்ல விழுந்து எழுந்த, உப்புத் தண்ணி உள்ள போயிருக்கும்...

மனைவி: அதே மீனைத்தான் நீங்களும் சாப்ட்டீங்க. உங்க ஃப்ரெண்ட்ஸ் அத்தனை பேரும் சாப்ட்டாங்க. இப்ப படகுல உக்காந்து பாட்டு பாடிட்டு இருப்பாங்க.

கணவன்: அது சரி... இருந்தாலும்...

மனைவி: சாதா வயித்துவலிக்கும், கோதுமை பட்டாலே குடலை அரிக்கிற இந்த சீலியாக் வியாதிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்தே அதோட குடும்பம் நடத்திட்டு இருக்கேன். நீங்க எனக்கு ரெண்டாவதுதான்.

கணவன்: போதும், வெளிய வா. என் கையைப் பிடி... ஐயோ, என்ன இப்படி ஜில்லுன்னு இருக்கு?

மனைவி: மெதுவா... மெதுவா. ஜன்னலைச் சாத்துங்க. கீழ ரொட்டி வேகற வாசனை வருது, குமட்டுது.

கணவன்: சாத்திட்டேன். படு. போர்த்திக்கோ... எல்லாம் அந்தச் சமையல்காரனால. இந்த ஹோட்டலுக்கு வந்த அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னோம். கோதுமை கூடாது, மைதா கூடாது, ரவை கூடாது, தனிச் சட்டி, தனிக் கரண்டின்னு. தலையைத் தலையை ஆட்டினான்.

மனைவி: தலையை மட்டும் ஆட்டல. எனக்குன்னு புதுச் சட்டி எடுத்து வெச்சாரு. கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு என்கிட்ட நீட்டிக் காட்டினாரு, பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்ட நகம் காட்டற மாதிரி.

கணவன்: அப்புறம் எப்படி வந்துச்சாம் மைதா? காத்துல பறந்தா?

மனைவி: நீங்கதான் சொல்லணும்.

கணவன்: நான்... நான் என்ன சொல்றது?

மனைவி: அவர் மேல தப்புன்னு சொல்றீங்களே, அதைக் கேட்டேன்.

கணவன்: அவன்தான். வேற யாரு? நீ உள்ள இருந்தப்பவே கீழ போய் மேனேஜர்கிட்ட கத்திட்டு வந்துட்டேன்.

மனைவி: என்னன்னு?

கணவன்: உங்க ஆளு என் பொண்டாட்டிக்கு விஷம் வெச்சுட்டான்னு.

மனைவி: ஐயோ... ஏங்க?

கணவன்: ஏன்னா? உனக்காகத்தான் கத்தினேன்.

மனைவி: எனக்காக...

கணவன்: வேற எப்படி இருக்கணும்ங்கற? லீவுன்னு கிளம்பினாலே இதே கதை. ஒரு இடத்துக்காவது நிம்மதியா போயிருக்கோமா நாம?

மனைவி: மலைக்குப் போனோமே. பெட்டியில துணியை விட குக்கர் கனமா இருந்துச்சே...

கணவன்: கண்ணாடிக்குப் பக்கத்துல இருந்த பிளக்ல அதைச் சொருகி, பியூஸ் போயி, மாடி முழுக்க இருட்டு.

மனைவி: பக்கத்து ரூம்காரர் டார்ச்சோட வந்து, 'யாராவது கரண்ட் வேலை பாக்கறீங்களா'ன்னு கேட்டாரு. நீங்க, 'இல்ல சார், சோறு வடிக்கிறோம்'னீங்க. அரை வேக்காட்டுச் சோத்தை இருட்டுல உக்காந்து தின்னோம். என்னமா சிரிச்சீங்க அன்னைக்கு...

கணவன்: அன்னைக்கு நாம ரெண்டு பேர்தான இருந்தோம்.

மனைவி: ...ஆமா. ரெண்டு பேர்தான்.

கணவன்: நான் அந்த அர்த்தத்துல சொல்லல...

மனைவி: எந்த அர்த்தமா இருந்தாலும் சரிதான். நேத்து உங்க தாடிக்கார ஃப்ரெண்ட் என்ன சொன்னாரு? 'இவன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரல, ஒரு சமையல்கட்டையே கூட்டிட்டு வந்திருக்கான்'னு. மேஜையே குலுங்கிச்சு. நீங்களும் சிரிச்சீங்க.

கணவன்: சபையில வேற என்ன பண்றது? மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறதா?

மனைவி: நான் ஒண்ணும் சொல்லலையே. நானும்தான் சிரிச்சேன். காலையில கடல்ல நின்னப்ப எல்லாத்தையும் மறந்துட்டேன் தெரியுமா? அலை காலைப் பறிச்சுது... ஒரு வியாதியும் இல்லாதவ மாதிரி இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சுங்க.

கணவன்: நானும் பாத்தேன். அதனாலதான்...

மனைவி: அதனாலதான்?

கணவன்: ஒண்ணுமில்ல. யாரோ கதவைத் தட்டறாங்க. யாரு?

சமையல்காரர்: நான்தான் சார், கீழ சமையல் பண்றவன். அம்மாவுக்கு வெந்நீர் கொண்டாந்தேன்.

கணவன்: நீங்க எதுக்கு இங்க வந்தீங்க? வாசல்லயே வெச்சுட்டுப் போங்க.

மனைவி: உள்ள வாங்கண்ணே.

சமையல்காரர்: இப்ப எப்படிம்மா இருக்கு?

மனைவி: பரவாயில்லண்ணே. உங்களுக்கு என்ன ஆச்சு, முகமே சரியில்ல?

சமையல்காரர்: மேனேஜர் அடுப்புப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாரும்மா. சாயங்காலம் முதலாளி வர்றாரு, கணக்கை முடிச்சு அனுப்பிடுவாராம். வேலை போனா போகட்டும், இன்னொண்ணு தேடிக்கலாம். ஆனா 'விஷம்'ங்கற பேச்சு வந்துட்டா எந்தச் சமையல்கட்டுலம்மா என்னை உள்ள விடுவாங்க? வீட்டுல பொண்ணுக்கு இப்பதான் வரன் பேசி...

கணவன்: அதையெல்லாம் முதலாளிகிட்ட சொல்லுங்க.

சமையல்காரர்: சொல்லுவேன் சார். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை... நீங்களேதானே சமையல்கட்டுக்கு வந்து...

கணவன்: இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? அவளுக்கு முடியல, தெரியலயா?

சமையல்காரர்: தெரியுது சார். யாரையும் கேக்காம நான் எதையும் ஊத்தல. அம்மாவுக்கே...

மனைவி: அண்ணே. நீங்க கீழ போங்க. முதலாளி வந்ததும் இவர் வந்து பேசுவாரு.

சமையல்காரர்: பேசுவாராம்மா?

மனைவி: பேசுவாரு. நான் சொல்றேன்ல.

சமையல்காரர்: சரிம்மா... வெந்நீரைச் சூட்டோட குடிங்க. டம்ளரை நானே கழுவினேன்.

மனைவி: குடிக்கிறேண்ணே. கதவைச் சாத்திட்டுப் போங்க.

கணவன்: ...நான் எதுக்கு முதலாளிகிட்ட பேசணும்?

மனைவி: சமையல்கட்டுக்கு எதுக்குப் போனீங்க?

கணவன்: தண்ணி கேக்க.

மனைவி: தண்ணி மேஜையிலயே இருந்துச்சு.

கணவன்: ஐஸ் தண்ணி...

மனைவி: ஏங்க.

கணவன்: இரு, ஜன்னல் கொக்கி சரியா மாட்டல போல...

மனைவி: என்னைப் பாத்துச் சொல்லுங்க.

கணவன்: எல்லாருக்கும் வெச்ச சூப்புல மைதா கரைச்சு விட்டிருந்தாரு, கெட்டியா வரணும்னு. உனக்கு மட்டும் ஒரு குட்டிச் சட்டியில தண்ணி மாதிரி ஏதோ கொதிச்சுட்டு இருந்துச்சு. அதைத் தூக்கிட்டு வந்து உன் முன்னாடி வெப்பாரு, உடனே தாடிக்காரன் ஆரம்பிப்பான், சீலியாக்னா என்னன்னு நான் மறுபடி பாடம் நடத்தணும்... எல்லாருக்கும் ஒரே சட்டியிலேருந்து ஊத்துங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டேன்.

மனைவி: ஒண்ணும் ஆகாதுன்னு நிஜமா நம்பினீங்களா?

கணவன்: தெரியல... சில சமயம் தோணும். ரொட்டி பட்ட கத்தியைக் கூடத் தொட மாட்டேங்கற. இது வியாதியா, இல்ல பயம்தான் வியாதியாயிடுச்சான்னு. உனக்கே தெரியாம ஒரு தடவை சாப்ட்டு, ஒண்ணும் ஆகலன்னா... நம்ம வாழ்க்கையே மாறிடும்ல? எங்க வேணாலும் போகலாம். கையை வீசிட்டுப் போகலாம்...

மனைவி: சோதிச்சுப் பாத்திருக்கீங்க.

கணவன்: அப்படிச் சொல்லாத.

மனைவி: குடலுக்குள்ள கேமரா விட்டு எடுத்த படத்தை டாக்டர் உங்க கையிலதான குடுத்தாரு? கம்பளி மாதிரி இருக்க வேண்டிய இடம் வழவழன்னு தேஞ்சு கிடக்குதுன்னு. இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா ஆறிட்டு வருதுன்னு.

கணவன்: தெரியும்... மன்னிச்சுடு. உன் கால்ல வேணா விழறேன். நீ உள்ள முனகினப்ப நான் வெளிய நின்னு செத்துட்டேன்.

மனைவி: செத்த மனுஷன் நேரா கீழ போய் அவர் மேல பழியைப் போட்டிருக்கீங்க.

கணவன்: பயந்துட்டேன். அவரே வந்து உன்கிட்ட சொல்லிடுவாரோன்னு... முந்திக்கிட்டேன்.

மனைவி: முதலாளி வந்ததும் போய்ச் சொல்லுங்க. நான்தான் ஊத்தச் சொன்னேன்னு.

கணவன்: அப்பதான் படகுலேருந்து எல்லாரும் வந்து இறங்குவாங்க. கீழ ஹால்லதான் நிப்பாங்க.

மனைவி: நிக்கட்டும்.

கணவன்: அத்தனை பேர் முன்னாடியா?

மனைவி: அத்தனை பேருக்காகத்தான ஊத்தச் சொன்னீங்க.

கணவன்: ...சரி. சொல்றேன். சத்தியமா சொல்றேன். ஆனா... உனக்கு எப்படித் தெரிஞ்சுது? இப்ப அவர் முகத்தைப் பாத்துதானா?

மனைவி: இல்ல. நாம சாப்பிட உக்காரறதுக்கு முன்னாடியே. நான் கை கழுவிட்டு இருந்தேன், பின்னாடி வந்து நின்னாரு. 'சார் இப்படிச் சொல்றாரும்மா, ஊத்தட்டுமா'ன்னு கேட்டாரு. ஊத்துங்கண்ணேன்னு சொன்னேன்.

கணவன்: தெரிஞ்சேவா? தெரிஞ்சே எதுக்குடி சாப்ட்ட?

மனைவி: கடைசி நிமிஷத்துல கையைத் தட்டி விடுவீங்கன்னு நினைச்சேங்க. முதல் கரண்டியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உங்களையேதான் பாத்துட்டு இருந்தேன்... நீங்களும் என்னைப் பாத்தீங்க. அப்புறம், 'ஆறிடப் போகுது, சாப்பிடு'ன்னீங்க.